வெள்ளைக் குடையின் இரண்டாம் பாகம்

கழுதை மார்ச்சை ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் மணி நாலு, ஆலை மைதானத்தை விட்டுக் கிளம்பியாயிற்று, நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. நாளைக்குச் சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். இன்றைக்குச் செவ்வாய், கார்னவாலின் கடைசி நாள், புதுச்சேரியில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் மஸ்கராத் வருகிற நாள். மஸ்கராத் என்றால் வேறொன்றுமில்லை, வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கிற ஆம்பளைகள் இன்றைக்கு ஒரு நாள் முகமூடி மாட்டிக்கொண்டு, பெண்டாட்டியின் பழைய கவுனைப் போட்டுக்கொண்டு, பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வருவது. பாட்டுகளின் வரிசை என் அப்பா காலத்திலிருந்து மாறவில்லை. கிளம்பும்போது கழுதை மார்ச். வாய்க்கால் பாலம் வந்ததும் நண்டுக் கல்யாணம், அதற்கு மட்டும்தான் வார்த்தை எல்லோருக்கும் தெரியும், நண்டுக்குக் கல்யாணம் நாலு பக்கம் ஊர்கோலம் என்று மூன்று வயசுப் பிள்ளைகூடப் பாடும். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது வெள்ளைக் குடை, அது வால்ஸ், மெதுவாக வரும். கடைசியில் கடற்கரைப் பக்கம் போய் வைக்கோல் ராஜாவைக் கொளுத்தும்போது ஒரு பிரியாவிடைப் பாட்டு. கார்னவால் பாட்டெல்லாம் குடித்தவன் பாட்டு என்று நான் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், கோயில் பாடற்குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவள் வேறென்ன சொல்வாள். ஆனால் தூரத்தில் எந்தப் பாட்டு கேட்கிறது என்பதை வைத்து அவர்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டைத் தாண்டுகிறார்கள் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவேன். வேண்டாத பாட்டைத்தான் காது நன்றாகப் பாடம் பண்ணுகிறது. அடுப்பை அணைத்துவிட்டேனா. அணைத்துவிட்டேன். புட்டிங் ஆறிவிட்டது. இப்போது டிரம்பெட் யார் வாசிக்கிறார்கள் என்றுதான் தெரியவில்லை, ஆனால் அது என் தம்பி இல்லை.

தம்பியாக இருக்க முடியாது, அது எனக்குத் தெரியும், தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எமில் என்று ஞானஸ்நானப் பெயர், வீட்டில் கொக்கு. டிரம்பெட்டை வாயில் வைத்தால் ஒரு கால் தானாக மடங்கிவிடும், அடுத்த காலின் முட்டியில் போய் ஒட்டிக்கொள்ளும், பத்து வயசில் அப்படி, ஐம்பது வயசிலும் அப்படி, கலியாணத்தில் பெண் பக்கத்தில் நின்றபோதுகூட ஒரு கால் மேலே போய்விட்டது, நான்தான் பின்னாலிருந்து தட்டினேன். கதவை என்ன செய்வது. தெருக்கதவின் ஒரு பலகை திறந்திருந்தால் அந்த வீட்டுக்கு முகமூடி வரலாம் என்று அர்த்தம். இரண்டும் சாத்தியிருந்தால் துக்கம், இல்லாவிட்டால் கோபம், தாண்டிப் போய்விடுவார்கள். ஒன்பது கார்னவாலாக என் கதவு இரண்டு பலகையும் சாத்தித்தான் இருந்தது. இன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்குத் தாழ்ப்பாளை எடுத்தேன். பிறகு போட்டேன். பிறகு எடுத்து, பலகையைத் திறந்துவைத்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமல் இருக்க இஸ்திரிப் பெட்டியை முட்டுக்கொடுத்தேன். எதிர்வீட்டு ஜெர்மேன் உடனே வாசலுக்கு வந்துவிட்டாள், இத்தனை வருஷமாக அவள் வேலையே என் கதவுதானே. "இன்னாக்கா, கதவு தொறந்து கீது?" என்றாள். "புழுங்குது ஜெர்மேன்," என்றேன். "மாசி மாசத்துல புழுங்குதா," என்றாள். "வயசானா புழுங்கும், உனக்கும் வரும்," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள், ஆனால் போகிற போக்கில் கதவையும் இஸ்திரிப் பெட்டியையும் என் முகத்தையும் ஒரே பார்வையில் எடுத்துக்கொண்டு போனாள். போன ஐப்பசியில் எனக்குச் செய்தி கொண்டுவந்ததும் அவள்தான். "ஒங்க தம்பிக்குத் தொண்டையில ஆபரேசனாம்க்கா. குரல்வளையே எடுத்துட்டாங்களாம். கழுத்துல ஒரு ஓட்டை போட்டு, அது வழியாத்தான் மூச்சாம். இனிமே பேச்சு இல்ல." நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த தண்ணீரைக் கொட்டினேன், மறுபடி களைந்தேன், மறுபடி கொட்டினேன், ஐந்தாறு தடவை களைந்திருப்பேன்.

தொண்டை என்று அவள் சொன்னதும் எனக்குக் கேட்டது என் குரல்தான். பாலத்துக்கு வந்துவிட்டார்கள், நண்டுக் கல்யாணம். பெரிய டிரம் சரியாகத்தான் போகிறது, டிரம்பெட்தான் அவசரப்படுகிறது, சின்னப் பையனோ என்னவோ, மூச்சு நிறைய இருக்கிறவன், மூச்சின் அருமை தெரியாதவன். அப்பா இறந்தது கார்னவால் திங்கட்கிழமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா அப்பா, பென்ஷனும் அக்கார்தியோன் வாத்தியமுமாக மீதி வாழ்க்கையை நடத்தினவர், கார்னவால் கமிட்டிக்கு முப்பது வருஷம் தலைவர். ஊரே செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அடக்கம் புதன்கிழமை, சாம்பல் புதன். காலைப் பூசையில் எல்லோருக்கும் நெற்றியில் சாம்பல் பூசினார்கள், சாயந்திரம் அதே நெற்றிகளோடு கல்லறைக்குப் போனோம். கார்னவால் பாட்டைச் செவ்வாய்க்கிழமையோடு மூடிவிட வேண்டும், புதன்கிழமை ஒரு வரி முணுமுணுத்தாலும் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம். பூசைக்கு வராதவன்கூட அந்தச் சட்டத்துக்குப் பயப்படுவான். நான் மூன்று இறுதிப் பாட்டுகள் எடுத்துவைத்திருந்தேன், பாடற்குழுவை வரிசையாக நிறுத்தியிருந்தேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். நான் பாட்டைத் தொடங்கக் கையைத் தூக்கினேன். அந்தச் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து டிரம்பெட். வெள்ளைக் குடை. முதல் பாகம் முழுசாக, பிறகு இரண்டாம் பாகம், அதில் உச்சியில் ஒரு சுரம் வரும், அதை அவன் எப்போதுமே இழுப்பான், அன்றைக்கு இழுத்த இழுப்பில் சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார். திரும்பிப் பார்த்தால் நெற்றியில் சாம்பலோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றைக் காலில். கல்லறை வாசலில் எல்லோரும் கேட்க நான் சொன்னேன். உன் தொண்டை அடைச்சுப் போகட்டும்டா. இனிமே என் வாசப்படி ஏறாத. அவன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை.

பதில் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் நான் வாயடைத்து நின்றிருப்பேன். ஏனென்றால் அப்பாதான் கேட்டார். இதை நான் ஜெர்மேனிடம் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, எனக்கே நான் மெதுவாகத்தான் சொல்லிக்கொள்வேன். சாவதற்கு ஒரு வாரம் முன்னால், கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன், அப்பா கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னார், "மர்கரீத், என்னக் குழியில எறக்கும்போது வெள்ளைக் குடை வாசிக்கணும். ரெண்டாம் பாகத்த உட்டுடாதீங்க." நான் சரிப்பா என்றேன். சீக்காளிக்குச் சொல்கிற சரிப்பா. தம்பியிடமும் தனியாகச் சொல்லியிருப்பார், அப்பா எதையும் இரண்டு பேரிடம் சொல்லிவைப்பார், பட்டாளத்துப் பழக்கம். ஆக, அவன் அப்பாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், நான் அதே வாக்கைக் கொடுத்துவிட்டு, காப்பாற்றினவனைச் சபித்தேன். எனக்குப் பக்தி என்று ஊர் நினைத்தது. வெட்கம்தான். சாமியார் முன்னால், பாடற்குழு முன்னால், என் கை அந்தரத்தில் நின்றுவிட்டதே என்ற வெட்கம். அதற்கு அப்புறம் ஒவ்வொரு கார்னவாலுக்கும் இந்த மூடின கதவுக்குப் பின்னால், இதே நாற்காலியில். பேண்டு எங்கள் தெருவில் திரும்பும், வெள்ளைக் குடை வரும், சரியாக என் ஜன்னலுக்கு நேரே இரண்டாம் பாகம் வரும், அந்தச் சுரத்தை அவன் மற்ற இடங்களைவிட இங்கே கூடுதலாக இழுப்பான். என்னைக் குத்துவதற்கா. பார், இதைத்தானே பாவம் என்றாய், கேள் என்றா. இல்லை, அக்கா கதவைத் திற என்றா. ஒரு சுரத்துக்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும். ஒன்பது வருஷம் அதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். குத்துகிறான் என்று முடிவு பண்ணுவேன், கோபத்தோடு தூங்குவேன். கூப்பிடுகிறான் என்று முடிவு பண்ணுவேன், அன்றைக்குத் தூக்கம் வராது.

ஆபரேசன் ஆன மூன்றாம் நாள் போனேன். போனேன் என்று சொல்லக்கூடாது. பிளாஸ்கில் மிளகு ரசம் ஊற்றிக்கொண்டு, பஸ் ஏறி, பெரிய ஆஸ்பத்திரியின் மாடிப்படி வரைக்கும் போனேன். எட்டாவது படியிலோ ஒன்பதாவது படியிலோ, தொண்டையை அறுத்தவனுக்கு மிளகு ரசம் கொண்டுபோகிறாயே, உன் புத்தி எங்கே போச்சு என்று தோன்றியது. அதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இறங்கிவிட்டேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்த ரசத்தை நானே மூடியில் ஊற்றி ஊற்றிக் குடித்தேன், கண்ணில் தண்ணீர், மிளகுதான். கழுத்தில் துளை இருக்கிறவன் என்னைப் பார்த்ததும் என்ன செய்வான். திட்ட முடியாது அவனால். திட்ட முடியாதவன் முன்னால் போய் நிற்பது என்ன தைரியம். டாக்டர்கள் சிகரெட் என்பார்கள், அவன் பெண்டாட்டியும் சிகரெட் என்றுதான் சொல்கிறாளாம், ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட்டு. அறிவு சிகரெட் என்கிறது. ஆனால் ராத்திரியில் முழிப்பு வந்தால் அறிவு துணைக்கு வருவதில்லை. நான் சொன்ன வார்த்தை ஒன்பது வருஷம் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவன் தொண்டையைத் தேடிப்போய் உட்கார்ந்துகொண்டது என்றே தோன்றுகிறது. பத்து மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. அதனால்தான் புட்டிங். தவக்காலத்துக்கு முன்னால் வீட்டிலிருக்கிற முட்டையைத் தீர்க்க வேண்டும், எல்லோரும் முட்டைப் பணியாரம் சுடுவார்கள், நானும் சுட்டேன். பிறகு, ஒருவேளை வந்தால், பணியாரம் விழுங்க முடியுமோ முடியாதோ என்று பாலும் முட்டையும் சீனியும் போட்டு ஒரு புட்டிங், வழுக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி. தனியாக இருக்கிற கிழவிக்கு ஆறு முட்டைப் புட்டிங். சிரிப்பாகத்தான் இருக்கிறது.

திரும்பிவிட்டார்கள். வெள்ளைக் குடை. முனையிலிருக்கிற தையல் கடை, அடுத்து பூட்டின வீடு, அடுத்து ஜெர்மேனின் நாத்தனார். வால்ஸ் என்றால் ஒன்றில் கனமாக இறங்கி, இரண்டிலும் மூன்றிலும் தூக்க வேண்டும், இந்தப் பையன் மூன்றிலும் இறங்குகிறான், மண்வெட்டி பிடிக்கிறவன் மாதிரி. ஜன்னலுக்கு நேரே வந்துவிட்டது. இரண்டாம் பாகம். அந்தச் சுரம். தொட்டான், விட்டான். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் என்னை வறுத்தெடுத்த சுரம் ஒரு தும்மல் நேரத்தில் முடிந்துவிட்டது. அவன் செத்துவிட்டால் இப்படித்தான் இருக்கும், இப்படித்தான் தொட்டு விட்டுப் போவார்கள், யாருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியாது. எழுந்து ஜன்னலைத் திறந்தேன். இருபது முகமூடி இருக்கும், கரடி, பாதிரியார், இரண்டு கொம்பு வைத்த பிசாசு, காகித மூஞ்சியில் உதட்டுச் சாயம் பூசிய சீமாட்டிகள். எது அவன். எதுவும் இல்லை. வீட்டில் படுத்திருப்பான். தாண்டிப் போகிறார்கள். நல்லது, போகட்டும், கதவைச் சாத்தலாம் என்று வந்தால் இஸ்திரிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சீமாட்டி நிற்கிறாள்.

வெள்ளை மூஞ்சி, ரோஜா நிறக் கன்னம், ஊதா கவுன், கையுறை. கழுத்தைச் சுற்றிக் கோமாளிகள் கட்டுகிற மாதிரி காகிதத்தில் மடித்த பெரிய காலர். மஸ்கராத் பேசாது, அதுதான் முதல் விதி. குரல் கேட்டால் ஆள் தெரிந்துவிடுமே. இன்றைக்கு ஒரு நாள் இந்த ஊரில் இருபது ஆம்பளைகளுக்குப் பேச்சு இல்லை. எதிலும் எனக்கு மெதுவாகத்தான் உறைக்கும், இதுவும் அப்போதுதான் உறைத்தது. பேண்டு தெருவில் நின்றுவிட்டது, காத்திருக்கிறார்கள். விதி சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: வீட்டுக்காரர் முகமூடிக்குள் யார் என்று சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் பேண்டு வாசிக்கும், முகமூடி வீட்டுக்குள்ளேயே ஒரு பாட்டு முழுக்க ஆடும். சரியாகச் சொன்னால் முகமூடி கழன்றுவிடும், அப்புறம் வீட்டுக்காரர்தான் அது கேட்கிற பாட்டைப் பாட வேண்டும். சீமாட்டி வாசப்படிக்கு வெளியிலேயே நின்றாள். ஏறவில்லை. நான் அந்தக் காலைப் பார்த்தேன். கவுனின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டிருந்தது, ஒரே ஒரு செருப்புதான் தரையில் இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை நகர்த்தினேன். "உள்ள வாங்க," என்றேன். மஸ்கராத்துக்கு மரியாதை கொடுத்துத்தான் பேச வேண்டும், யாராக இருந்தாலும். வந்தான். எதிர்வாசலில் ஜெர்மேன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். நாக்கு நுனியில் பெயர் இருக்கிறது. சொல்லிவிட்டால் முகமூடி கழலும், முகத்தைப் பார்க்க வேண்டும், கழுத்தைப் பார்க்க வேண்டும், பாட்டு வேறு. நான் ஒரு கோழை, அதில் சந்தேகமில்லை, எட்டாவது படியில் திரும்பினவள்தானே. "ஜெர்மேன் வீட்டு மாப்பிள்ள," என்றேன். காகித மூஞ்சி இல்லை என்று ஆடியது. தெருவில் நண்டுக் கல்யாணத்தை எடுத்தார்கள், நண்டுக்குக் கல்யாணம் நாலு பக்கம் ஊர்கோலம், என் நாற்காலிக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் அவன் ஆடினான். கவுனைத் தூக்கிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில், சின்ன வயசில் அம்மாவைச் சிரிக்கவைக்க ஆடின அதே ஆட்டம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு நீண்டுகொண்டே போனால் தேவலை, இன்னும் ஒரு தப்பான பெயர் சொன்னால் இன்னும் ஒரு பாட்டு இருப்பான் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. காலருக்குள்ளிருந்து, வாயிலிருந்து இல்லை, கழுத்திலிருந்து, சின்ன விசில் மாதிரி மூச்சு. உஸ், உஸ் என்று. ஒவ்வொரு குதிப்புக்கும் ஒன்று. டிரம்பெட்டில் ஒரு சுரத்தை ஒரு தெரு நீளத்துக்கு இழுத்தவனுடைய மூச்சு. பாட்டு முடியட்டும் என்று எனக்குப் பொறுக்கவில்லை. "போதும், கொக்கு," என்றேன். "ஆடாத. ஒக்காரு. கொக்கு, ஒக்காருடா."

பேண்டு பாதியில் நின்றது. அவன் கையுறையைக் கழற்றினான், முகமூடியைக் கழற்றினான், கடைசியில் காலரை. முகம் பாதியாகிவிட்டிருந்தது. கழுத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு, சுத்தமாகத் துவைத்தது, அது மூச்சுக்கு மூச்சு அசைந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "அப்பா என்கிட்டயும் கேட்டாருடா. வெள்ளைக் குடைய. நான் சரின்னேன். நீ வாசிச்சதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." அவன் தலையை ஆட்டினான், மெதுவாக, பழைய செய்தியைக் கேட்கிறவன் மாதிரி. "ஒனக்குத் தெரியுமா?" என்றேன். மறுபடியும் ஆட்டினான். "தெரிஞ்சும் ஏன்டா அன்னிக்கு வாயத் தொறக்கல?" என்று கேட்டுவிட்டேன், யாரிடம் என்ன கேட்கிறேன் என்ற யோசனையே இல்லாமல். என் புத்தி அப்படி. ஆனால் அவன் சிரித்தான். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, அந்தத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. எனக்கும்தான். நான் மன்னிச்சுக்கடா என்றேன், அவன் என் வாயைக் கையால் பொத்தினான். பிறகு அதே கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரலை மடக்கி, குடை பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான்.

விதி விதிதான். பேரைச் சரியாகச் சொன்னவள் பாட்டைக் கொடுக்க வேண்டும். பாட எனக்குக் குரல் இல்லை, ஆர்மோனியத்தின் உறையை எடுத்தேன். நாளையிலிருந்து ஈஸ்டர் வரைக்கும் இதில் துக்கப் பாட்டுகள்தான், இதுவரைக்கும் இதில் ஒரு கார்னவால் பாட்டு ஏறியதில்லை. தெருவில் பேண்டு சும்மா நிற்கிறது, அந்த டிரம்பெட் பையன் வாசல்வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறான். முதல் பாகம் வந்தது. ஒன்றில் இறக்கி, இரண்டு மூன்றில் தூக்கி, காது பாடம் பண்ணி வைத்திருந்ததை விரல் தேடித் தேடி எடுத்தது. இரண்டு இடத்தில் தப்பினேன், ஜெர்மேன் கவனித்திருப்பாள். இரண்டாம் பாகம். அந்தச் சுரத்தில் விரலை வைத்தேன், கோயில் பாட்டு வாசித்த பழக்கதோஷம், நாலு எண்ணி எடுக்கப்போனேன். எமிலின் கை மேலே போனது. உள்ளங்கையை விரித்து, எடுக்காதே என்று. சரி. எட்டு எண்ணினேன். கை இறங்கவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கையை அப்படியே வைத்திருக்கிறான். நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வலதுகை விரலை அந்தக் கட்டையிலேயே வைத்துக்கொண்டு, இடதுகையால் துருத்தியைத் தள்ளிக்கொண்டே இருந்தேன், அவனுக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு.